சாரணர் தலைவராகப் பயிற்சி எடுப்பது எப்படி? சுங்கை சிப்புட் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் சாரணர் ஆக ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களை வழிநடத்தப் பழகிய பெரியவர்கள்தான் போதவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உதவிக்கு ஆள் கேட்டபோது பலர் முன்வந்தீர்கள், கூடவே நிறைய சந்தேகங்களும் வந்தன. பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

சார், என் மகன் நாலாம் ஆண்டு, குருளைச் சாரணர். டீச்சர் என்னையும் உதவிக்கு வரச் சொல்கிறார். நான் பள்ளியில் பெங்காகாப்பில் (சாரணர் இயக்கத்தில்) இருந்ததே இல்லை. முடிச்சு போடக்கூடத் தெரியாது. வரலாமா? (லாசா பக்கத்திலிருந்து ஒரு தாயார்)

தாராளமாக வாங்கம்மா. முடிச்செல்லாம் ஒரு மதியத்தில் கைக்கு வந்துவிடும். ஒன்பது பத்து வயசுப் பிள்ளை பேசி முடிக்கும்வரை காது கொடுத்துக் கேட்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். வீட்டில் அதைச் செய்கிறீர்கள் என்றால் பாதித் தகுதி வந்துவிட்டது.

முதலில் பள்ளியின் பொறுப்பாசிரியரிடம் சொல்லி, பெர்செகுத்துவான் பெங்காகாப் மலேசியாவில், அதாவது மலேசியச் சாரணர் சங்கத்தில், பெரியவர் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். மாவட்ட ஆணையர், அதாவது பெசுருஜாயா டாயேரா, வழியாகத்தான் பயிற்சி அறிவிப்புகள் வரும். தொடக்க விளக்கக் கூட்டம் வைத்தால் அதற்குப் போங்கள், அடுத்து அடிப்படைப் பயிற்சி.

ஒரு விஷயம் கவனம். பயிற்சி பிள்ளைகளின் வயதுப் பிரிவுவாரியாக நடக்கிறது: கானாக் கானாக் (குருளைகள்), மூடா, ரெமாஜா (இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள்), கெலானா (இளைஞர்கள்). நீங்கள் குருளைகளோடு இருக்கப் போகிறவர். மூடா பிரிவுப் பயிற்சி பக்கத்தில் நடக்கிறது, இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக அதில் போய் உட்காராதீர்கள். குருளைகளுக்கு விளையாட்டும் கதையும்தான் வழி. கெரிஸ் கங்சா, பேராக், எமாஸ் (வெண்கலம், வெள்ளி, தங்கம்) விருதுகளுக்கு அவர்களைப் படிப்படியாக எப்படிக் கொண்டுபோவது என்பதை அவர்களுக்கான பயிற்சியில்தான் கற்றுக்கொள்வீர்கள்.

கழுத்தில் மணி கோத்த தோல்வாரோடு சில தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அது என்ன? அதை வாங்கினால்தான் தலைவரா? (ஆறாம் ஆண்டு மாணவனின் தந்தை)

அது மானிக்காயு, மரமணி என்று பொருள். சாரணர் தலைவர்களுக்கு உலகெங்கும் உள்ள பயிற்சிச் சின்னம். இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் வகுத்த வழியில் 1919 செப்டம்பரில் லண்டன் ஓரத்தில் இருக்கும் கில்வெல் பூங்காவில் தலைவர்களுக்கான முதல் மானிக்காயு பயிற்சி நடந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து தாம் கொண்டுவந்திருந்த சூலு மக்களின் கழுத்தாரத்திலிருந்து மணிகளை எடுத்து, முடித்தவர்களுக்கு அடையாளமாகப் பேடன் பவல் கொடுத்தார். இன்றும் பயிற்சி முடித்த தலைவருக்கு இரண்டு மணி, துணைப் பயிற்றுநருக்கு மூன்று, முழுப் பயிற்றுநருக்கு நான்கு. கூடவே போடும் கழுத்துத்துணியின் முனையில் ஒரு கட்டம்போட்ட துண்டு தைத்திருக்கும். கில்வெல் நிலத்தை வாங்கப் பணம் கொடுத்த மெக்லாரனின் குலத்துக்கு உரிய துணி அது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மணி வாங்கும் முன்பே தலைவராக வேலை செய்யலாம், செய்யவும் வேண்டும். கில்வெல் பயிற்சியை அன்றே மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: படித்து எழுதுவது ஒன்று, முகாமில் செய்து பழகுவது ஒன்று, கற்றதைத் தன் சொந்தப் படையில் மாதக்கணக்கில் நடத்திக் காட்டுவது ஒன்று. பெயர்களும் நாள் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறினாலும் இந்த அமைப்பு மாறவில்லை. நம் ஆட்கள் பலர் முகாமை முடித்துவிட்டு மூன்றாவதில் நின்றுவிடுகிறார்கள். சான்றிதழ் கையில் இருக்கும், பள்ளித் திடலில் பிள்ளைகள் பழையபடி வெயிலில் அணிவகுத்து நின்றுகொண்டிருப்பார்கள். எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற காட்சி அது.

நான் முன்னாள் ராணுவம். காவாட் (அணிவகுப்பு) நன்றாகச் சொல்லிக் கொடுப்பேன். ஒழுக்கம் வந்தால் போதாதா, எதற்குத் தனிப் பயிற்சி?

அண்ணே, உங்கள் காவாட் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் சாரணர் இயக்கம் நடப்பது அணி முறையில். ஆறேழு பிள்ளைகள் ஓர் அணி. அவர்களில் ஒருவன் அணித் தலைவன். திட்டமிடுவது, வேலையைப் பங்கிடுவது, சாமானைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரியவர் அணித் தலைவனைத் தயார்படுத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். உத்தரவு கொடுத்துப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். ராணுவத்துக்காரர் மட்டுமா, ஆசிரியர்களுக்கும் அப்பாக்களுக்கும்கூடத்தான்.

பயிற்சியில் இதை எப்படி நடத்துகிறோம் என்று சொல்கிறேன். இரண்டு மூங்கில்களைக் குறுக்கே வைத்து, தட்டு காயப்போடும் பரண் கட்டச் சொல்வோம். சதுரக் கட்டு: நேர்க்கழியில் ஆப்பு முடிச்சு போட்டுத் தொடங்கி, இரண்டு கழியையும் சேர்த்து மூன்று சுற்று, பிறகு கழிகளுக்கு நடுவே கயிற்றைச் செலுத்தி இரண்டு இறுக்கச் சுற்று, கடைசியில் மறுபடி ஆப்பு முடிச்சு. எந்தப் பிள்ளையும் தடுமாறுவது அந்த இறுக்கச் சுற்றில்தான். கயிறு வழுக்கும், கழி ஆடும். பக்கத்தில் நிற்கும் பெரியவரின் கை தானாக நீளும், "கொண்டா இங்கே" என்று கயிற்றைப் பிடுங்கும். அந்தக் கையைத்தான் நாங்கள் கவனிப்போம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எந்தச் சுற்று தளர்ந்திருக்கு, பார்" என்று கேட்கப் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வோம். பரண் கோணலாக நிற்கலாம். அதை அந்தப் பையன் கட்டினான் என்பதுதான் கணக்கு.

உங்களைப் போன்றவர் இதைக் கற்றுக்கொண்டு வந்தால் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பலம். வாங்கண்ணே.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், படிப்பும் பாதியில் நின்றது. பயிற்சி மலாயில் நடக்குமாமே. பேசுவேன், எழுதத்தான் பயம்.

தம்பி, பயிற்சி மலாயில்தான் நடக்கும். எழுத்து வேலையும் உண்டு. ஆனால் முகாமில் பெரும்பகுதி கையால் செய்வது, அணியோடு சேர்ந்து செய்வது. உங்களையும் ஓர் அணியில்தான் போடுவார்கள், மலாய், சீன நண்பர்களோடு. சமையலிலும் கூடாரம் போடுவதிலும் தோட்டத்துப் பிள்ளை யாருக்கும் சளைத்தவனில்லை.

எழுத்துக்கு ஒரு வழி: பதிலை முதலில் தமிழில் யோசித்து எழுதிவிடுங்கள். பிறகு பள்ளி ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து மலாயில் ஆக்குங்கள். கருத்து உங்களுடையதாக இருந்தால் அதில் தப்பே இல்லை. நம் ஊரிலிருந்து இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. தனியாகப் போகிறவர்தான் பாதியில் திரும்பி வருகிறார்.

ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. லீவு எப்படிப் போடுவது?

தனியார் வேலைக்குச் சட்டப்படி வருஷ லீவு இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குக் கீழ் 8 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16. இதற்கென்று முதலாளி தனி லீவு தர வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆகவே பயிற்சித் தேதி தெரிந்த உடனே ஷிப்ட் மாற்ற ஆள் பிடித்துவிடுங்கள். மாவட்ட ஆணையரின் கடிதத்தையும் சேர்த்து மேலாளரிடம் கொடுத்தால் பலர் இரக்கம் காட்டுகிறார்கள். அரசாங்க வேலைக்காரர்களும் ஆசிரியர்களும் பதிவில்லா விடுப்பு (வருஷ லீவில் கழிக்காதது) கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுங்கள்.

செலவு?

கட்டணம் ஒவ்வொரு பயிற்சிக்கும் வேறுபடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேளுங்கள். பேருந்துக்கும் பலகாரத்துக்கும் செலவழிக்கிற சங்கம், ஓர் ஆளைப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்தப் பணம் பல வருஷம் பள்ளிக்கு உழைக்கும். கோயில் நிர்வாகங்களையும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

சார், புதிதாக இந்தப் பள்ளிக்கு வந்தேன். கோகு (புறப்பாட நடவடிக்கை) பட்டியலில் என் பெயருக்கு நேரே பெங்காகாப் என்று போட்டுவிட்டார்கள். பாஜ்ஸ்க் என்ற புறப்பாட மதிப்பீட்டு மதிப்பெண் மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். (ஓர் ஆசிரியை)

டீச்சர், உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. எத்தனையோ பள்ளிகளில் இப்படித்தான் நடக்கிறது. மதிப்பெண்ணை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். இடைநிலைப்பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது புறப்பாட மதிப்பெண்ணுக்குப் பத்து விழுக்காடு இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு அது பெரிது. ஆனால் வருகைக்கு ஒரு டிக், உடுப்புக்கு ஒரு டிக் என்று போய்விட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது அந்த எண் மட்டும்தான்.

இந்த வருஷமே அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். அதுவரை வாராவாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: கூட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் அணித் தலைவர்களை மட்டும் கூப்பிட்டு, இன்று என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அன்றே நடத்துங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஆற்றோரம் முகாம் போடலாமா? பெரியவர்கள் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டது.

பேராக்கில் ஆற்றுக்குப் பஞ்சமில்லை, கெப்பாலா ஆயிர் என்ற திடீர் வெள்ளத்துக்கும் பஞ்சமில்லை. நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் பெய்த மழை, சுவர்போலத் திரண்டு வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலேயிருந்து இரைச்சல் கேட்டால் அந்த நொடியே எல்லாரும் மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பு, பாத்திரம் எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. கூடாரத்தை ஆற்று மணல்திட்டில் போடவே கூடாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒரு தடவை ஓடிப் பார்த்தே பழக்க வேண்டும்.

காட்டு ஒதுக்கீட்டுக்குள் நடைபயணம் என்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். சேற்றிலும் ஆற்றிலும் இறங்குகிறவர்கள் காயத்தை மூடிக்கொள்ள வேண்டும், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. திரும்பி வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல் கண்டால் கிளினிக்கில் "ஆற்றில் இறங்கினோம்" என்று மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் தானாக யூகித்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

முதலுதவிக்குப் பூலான் சாபிட் மேரா (செம்பிறைச் சங்கம்), செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இரண்டும் பயிற்சி நடத்துகின்றன. சாரணர் பயிற்சிக்குக் காத்திருக்காமல் அதை முதலில் முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். படித்தால் சுலபம்போல் இருக்கும், பொம்மையில் இரண்டு நிமிஷம் செய்து பார்த்தால்தான் கை எப்படி ஓய்கிறது என்று தெரியும். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் வேண்டாம், கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 999 கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேரே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். செம்பனைக் காட்டில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டியதுதான்.

பிள்ளைப் பாதுகாப்பு என்று ஏதோ பாடம் இருக்கிறதாமே. நம் ஊரில் எல்லாரும் தெரிந்தவர்கள், இதெல்லாம் தேவையா?

தேவை. தெரிந்தவர்கள் என்பதாலேயே தேவை. பிள்ளைக்குத் தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் வெளியாள் இல்லை, வீட்டுக்கு வந்து போகிறவர்தான். உலகச் சாரணர் அமைப்பு 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' என்ற பாடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே முடிக்கலாம். அந்த அமைப்பின் தலைமைச் செயலகம் 2014ல் ஜெனீவாவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது, நம் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்கியது.

நடைமுறையில் சில விதிகள். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதுவும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில். பெரியவர் கூடாரம் வேறு, பிள்ளைகள் கூடாரம் வேறு. பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில் போடுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், குறுக்கு விசாரணையும் செய்யாதீர்கள். கேட்டுக்கொண்டு, அன்றே போலீசுக்கோ சமூகநலத் துறைக்கோ சொல்லுங்கள். 15999 தாலியான் காசே உதவித் தொலைபேசி எந்நேரமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தும் மறைப்பதே குற்றம். பள்ளிப் பெயர், கோயில் பெயர், குடும்பப் பெயர் என்று மூடி வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டே ஆக வேண்டும்.

எஸ்பிஎம் தேர்வு முடித்துவிட்டேன், 19 வயது. எனக்கு இடம் உண்டா? (முன்னாள் மாணவர்)

உண்டு. கெலானா பிரிவில் சேரலாம், அதோடு தம்பி தங்கைகளின் படைக்குத் துணைத் தலைவராகவும் இருக்கலாம். ரெமாஜாவில் இருந்தபோது செய்த பயணக் குறிப்புப் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்து வா, குருளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

மகள் துனாஸ் புத்ரியில் இருக்கிறாள். அதற்கும் இதே பயிற்சியா?

இல்லையம்மா. அது பெண் சாரணியருக்கான பண்டு புத்ரி சங்கத்தின் கீழ் வருவது, தலைவியருக்குத் தனிப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். பள்ளியின் துனாஸ் புத்ரி ஆசிரியையிடம் கேளுங்கள்.

ஐயா, எனக்கு அறுபது ஆகப் போகிறது. பேரனுக்காகக் கேட்கிறேன், முகாமில் தரையில் படுக்க முடியாது. (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

ஐயா, தரையில் படுக்க வேண்டாம். உங்களுக்கு என்னிடம் வேலை தயாராக இருக்கிறது. கணக்கு, கடிதம், பெற்றோர் ஒப்புதல் படிவம், மருத்துவக் குறிப்பு, சாமான் பட்டியல், இவற்றை ஒழுங்காக வைக்க ஆள் இல்லாமல் எத்தனையோ முகாம்கள் ரத்தாகின்றன. படைக்குழுச் செயலாளர் வேலை இது. தோட்ட ஆபீஸில் செக்ரோல் (ஆள் வருகைக் கணக்கு) எழுதிய கைக்கு ஒரு பொருட்டே இல்லை. தொடக்கக் கூட்டத்துக்கும் பிள்ளைப் பாதுகாப்புப் பாடத்துக்கும் நீங்களும் வந்தாக வேண்டும். கைப்பேசியில் பாடத்தைத் திறக்கப் பேரனைக் கூட்டி வாருங்கள், அவன் சொல்லிக் கொடுப்பான்.