பூவைப் பார்க்க மரம் ஏறித்தான் ஆக வேண்டுமா?

தாவரவியல் முதுகலை முடித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரமான மரங்களின் பூக்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஆராய ஆசை. விஞ்ஞானிகள் அவ்வளவு உயரம் எப்படி ஏறுகிறார்கள்? எனக்குக் கையில் அவ்வளவு பலம் இல்லை. என்னால் முடியுமா?"

முடியும். கயிறு வழியாக ஏறும்போது உடம்பைத் தூக்குவது கை இல்லை, கால்தான். இடுப்பில் ஹார்னஸ் (உடம்பைத் தாங்கும் வார்ப்பட்டை), கயிற்றில் மேலே மட்டும் நகர்ந்து கீழே வழுக்காமல் கவ்விக்கொள்ளும் இரண்டு பிடிகள் (ஜூமார் என்பார்கள்), அதில் ஒன்றோடு காலுக்கு ஒரு வளையம். வளையத்தை மிதித்து எழுந்து நிற்க வேண்டும், பிடியை மேலே தள்ள வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். நிதானமாக ஏறுகிறவருக்குக் களைப்பு குறைவு. ஆணி வைத்த காலணி மட்டும் வேண்டவே வேண்டாம், பட்டைக்கு அடியில் இருக்கும் உயிருள்ள திசுவை அது குத்திக் கிழித்துவிடும்.

ஏறுவதை விடச் சிரமம் கயிற்றை மேலே கொண்டுபோவதில் இருக்கிறது. பெரிய உண்டிவில்லால் ஒரு சின்ன எடையைத் தங்கூசியோடு (தூண்டில் நரம்பு) நல்ல கிளைக்கு மேலாக அடிப்பார்கள், அது மறுபக்கம் இறங்கியதும் தங்கூசியில் மெல்லிய நைலான் கயிறு, அதில் ஏறும் கயிறு என்று ஒவ்வொன்றாக இழுப்பார்கள். குறி தப்பிக்கொண்டே இருந்தால் இதிலேயே அரை நாள் போய்விடும்.

இப்போது சொல்வதை மட்டும் கவனமாகப் படியுங்கள். கயிற்றின் ஒரு முனையைக் கீழே அடிமரத்தில் கட்டிவிட்டு மறுமுனையில் நீங்கள் ஏறினால், கிளை கிணற்று ராட்டினம் மாதிரி வேலை செய்கிறது. உங்கள் எடை ஒரு பக்கம் இழுக்க, கட்டிய முனையும் ஏறக்குறைய அதே அளவு இழுக்கும். நீங்கள் 60 கிலோ என்றால் கிளை தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 120 கிலோ. அதனால்தான் ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து அந்தக் கயிற்றில் தொங்கிப் பார்ப்பது, அதுவும் ஹெல்மெட்டோடு, ஏனென்றால் காய்ந்த கிளை இருந்தால் அப்போதுதான் விழும். சரி, எதற்கு இப்படிக் கட்ட வேண்டும்? அடிமரத்தில் இறக்கும் கருவி வைத்துக் கட்டியிருந்தால், மேலே இருப்பவர் மயங்கினாலும் கீழே நிற்பவர் இறக்கிவிடலாம். ஹார்னஸில் அசையாமல் தொங்குவது சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். தனியாக ஏறவே கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு ஏறுவது அவசியமா என்று முதலில் பாருங்கள். பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பனாமா காட்டில் மரங்களுக்குப் பூச்சிக்கொல்லிப் புகை போட்டு, கீழே விழுந்த வண்டுகளை எண்ணித்தான் வெப்பமண்டலத்தில் மட்டும் 3 கோடிக் கணுக்காலி (பூச்சி, சிலந்தி போன்றவை) இனங்கள் இருக்கலாம் என்று 1982-ல் எழுதினார். அந்த எண்ணிக்கை பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை, அது வேறு கதை. அதற்கு முந்தைய ஆண்டு காட்டுச் சூழலியலாளர் நளினி நட்கர்னி வெளியிட்ட கண்டுபிடிப்போ ஏறினால் மட்டுமே கிடைப்பது: கிளைகளில் பாசியும் சருகும் மக்கிச் சேர்ந்த மண்ணுக்குள், அந்த மரமே தன் கிளையிலிருந்து வேர் விட்டிருந்தது. தரையில் நின்று எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் இது தெரியாது.

உங்கள் விஷயம் இந்த இரண்டாவது வகை, ஏறித்தான் ஆக வேண்டும். நெல்லை மாவட்டத்துக் காக்காச்சியில் கணேஷ், சௌபத்ரா தேவி போன்ற ஆய்வாளர்கள் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள், அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படித்துவிடுங்கள். அங்குள்ள வெடிப்பலா மரத்தின் பூவுக்கு இதழே கிடையாது, சதைப்பற்றான புல்லியை (பூவின் வெளி உறை) தின்ன வௌவாலும் குரங்கும் அணிலும் வருகின்றன. அவற்றில் யார் மகரந்தம் கடத்துகிறார், யார் பூவை அழித்துவிட்டுப் போகிறார் என்று பிரிக்க, பூவுக்குப் பக்கத்தில் இருந்து இரவும் பகலும் பார்க்க வேண்டும், சில பூங்கொத்துகளுக்கு விலங்குகள் நெருங்காதபடி வலை கட்டி ஒப்பிடவும் வேண்டும்.

முதலில் கயிறேற்றப் பயிற்சி உள்ளவரிடம், காட்டில் இல்லை, ஊரிலேயே ஒரு தாழ்ந்த மரத்தில் ஏறியும் இறங்கியும் பழகுங்கள். பாதி உயரத்தில் நின்று ஏறும் கருவியிலிருந்து இறங்கும் கருவிக்கு மாறுவது பதற்றமில்லாமல் வரும்வரை உயரத்தைக் கூட்ட வேண்டாம். பக்கத்தில் மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள், இடி கேட்டால் உடனே இறங்குங்கள். வனத்துறை அனுமதிக்கு நாளாகும், விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். அப்புறம், யாராவது பழைய கயிற்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், உள்ளே இழை அறுந்திருந்தாலும் வெளி உறையில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.