பழைய கணினியில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் டெஸ்க்டாப்பை வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. உள்ளே இருக்கும் 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. அதை எடுக்காமல் இன்னொன்று சேர்க்க முடியுமா? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். முதலில் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டின் ஓரத்தில் 'எல்' வடிவ நாக்குள்ள சாட்டா சாக்கெட்டுகள் (டிஸ்கின் டேட்டா கேபிளை மாட்டும் இடம்) இருக்கும். ஒன்று டிஸ்குக்கும் ஒன்று டிவிடி டிரைவுக்கும் போயிருக்கும். வேறொன்று காலியாக இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தைப் புது டிஸ்குக்குக் கொடுத்துவிடலாம். அதை இப்போது யார் தொடுகிறார்கள்?

அடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் ஒயர்களில் 15 பின் உள்ள தட்டையான சாட்டா பவர் கனெக்டர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் கனெக்டர் மட்டும்தான் தொங்குகிறது என்றால் அதை சாட்டாவாக மாற்றும் ஒயர் வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. ஒயர்களைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த கனெக்டர் வேண்டவே வேண்டாம். உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகி, டிஸ்கோடு சேர்ந்து கருகிவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு ஒயரும் தனித்தனித் துளையில் நுழைவது கண்ணுக்குத் தெரிகிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். அதன்பின் அடங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது பெரிய சுமையல்ல. டிஸ்க் சுழன்று, 'டிக் டிக்' என்று நின்று, மறுபடி சுழன்றால் டிஸ்கைக் குறை சொல்லும் முன் பவர் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

பொருத்தும்போது இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போடுங்கள். டிவிடி டிரைவின் ஸ்க்ரூ மெல்லிசு. டிஸ்கின் துளையில் பிடிக்காமல் ஆடும். கொள்ளளவைப் பொறுத்தவரை, இவ்வளவு பழைய கணினிக்கு 2 டிபியோடு நிறுத்திக்கொள்வதே நிம்மதி. காரணம் மூன்றாவது பதிலில்.

கேள்வி: புது டிஸ்க் பயாஸில் (கணினியைத் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) தெரிகிறது, விண்டோஸில் காணோம்.

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது; இன்னும் பார்ட்டிஷன் (கோப்புகள் வைக்கும் பிரிவு) போடவில்லை, அவ்வளவுதான். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லும். பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் முறையாக எம்பிஆர் (பழையது), ஜிபிடி (புதியது) இரண்டில் ஒன்றைக் கேட்கும். 2 டிபி வரை எதுவும் சரி. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி என்றால் மட்டும் எம்பிஆர்தான், ஜிபிடியை அது படிக்காது. பிறகு கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', என்டிஎஃப்எஸ், குயிக் பார்மட். 2 டிபி டிஸ்க் 1,863 ஜிபி என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

ஏற்கெனவே கோப்புகள் இருந்த பழைய டிஸ்கை மாட்டும்போது இதே கேள்வி வந்தால் 'ஓகே' அழுத்தாதீர்கள். முதலில் கோப்புகளை மீட்கும் வழியைப் பாருங்கள்.

கேள்வி: 3 டிபி டிஸ்க் மாட்டினேன். 746 ஜிபிதான் காட்டுகிறது!

பதில்: அந்த 746 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. டிஸ்கை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருள் 32 பிட்டில்தான் செக்டார்களை (டிஸ்கின் சிறு துண்டுகளை) எண்ணும். 512 பைட் செக்டார் கணக்கில் அது 2,048 ஜிபியில் முடிந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மிச்சம்தான் உங்களுக்குத் தெரிவது. பெரும்பாலும் இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர் 10.1க்கு முந்தையதாக இருக்கும். அதைப் புதுப்பித்துவிட்டு ஜிபிடியாக இனிஷியலைஸ் செய்யுங்கள். எம்பிஆர் போட்டால் டிரைவர் சரியானாலும் 2,048 ஜிபிக்கு மேல் பயன்படாது.

கேள்வி: என்னுடையது அகலமான ரிப்பன் கேபிள் உள்ள இன்னும் பழைய கணினி.

பதில்: அது ஐடிஇ, சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு முறை. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் போடலாம். டிஸ்கின் பின்பக்கம் பின்களில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற சின்னத் துண்டை ஒன்றில் மாஸ்டர், மற்றதில் ஸ்லேவ் என்று வையுங்கள்; இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். ஆனால் ஐடிஇ டிஸ்கைத் தேடிப்பிடித்துப் பணம் போடுவது வீண்.

கேள்வி: இரண்டாவது டிஸ்கைச் சேர்த்ததும் விண்டோஸ் துவங்கவில்லை, இயங்குதளமே இல்லை என்கிறது.

பதில்: பயாஸ் புது டிஸ்கை முதலில் வைத்துவிட்டது. 'பூட் ஆர்டர்' பட்டியலில் 'ஹார்ட் டிஸ்க்' என்று ஒரே வரிதான் இருந்தால், 'ஹார்ட் டிஸ்க் பிரையாரிட்டி' என்று தனிப் பக்கம் இருக்கும். பழைய டிஸ்கை அங்கே மேலே கொண்டுவாருங்கள். போன கையோடு 'சாட்டா மோடு' ஐடிஇயில் இருக்கிறதே என்று ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிட வேண்டாம். தேவையான டிரைவர் இயங்காமல் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். மாற்றியிருந்தால் பழையபடி வைத்தாலே போதும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.