மருந்துக்கு மசியாத மலேரியா கிருமி தனக்குள் எதை மாற்றிக்கொள்கிறது? அதனால் அதற்கு நஷ்டம் உண்டா?

நஷ்டம் உண்டு. பெரும்பாலும் சாப்பாட்டு விஷயத்தில்.

கல்லூரியில் படித்தபோது ஜீம்சா சாயம் போட்ட ரத்தப் பூச்சை முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு சிவப்பணுவுக்குள் கல் பதித்த மோதிரம் போல இளம் கிருமி. பக்கத்து அணுவில் முதிர்ந்த கிருமி, அதற்குள் பழுப்பாக ஒரு துணுக்கு. அழுக்கு என்று நினைத்து லென்ஸைத் துடைத்தேன், போகவில்லை. அது ஹீமோசோயின், அதாவது கிருமி தின்றதன் மிச்சம்.

பால்சிபாரம் வகைக் கிருமி 48 மணி நேரத்தில், தான் குடியிருக்கும் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் தின்றுவிடும். அதிலுள்ள புரதம் செரித்துவிடும், இரும்பைத் தாங்கிய ஹீம் என்ற பகுதி செரிக்காது, கிருமிக்கு அது விஷமும்கூட. அதனால் அதை ஹீமோசோயின் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து அந்தப் படிகம் உருவாவதைத் தடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது.

எதிர்ப்பு பெற்ற கிருமி ஹீமில் கை வைக்கவில்லை. செரிமானப் பையின் சுவரில் இருக்கும் பிஎஃப்சிஆர்டி என்ற கடத்திப் புரதத்தை மாற்றிக்கொண்டது. அதன் அமினோ அமில வரிசையில் 76-ஆவது இடத்தில் லைசினுக்குப் பதில் த்ரியோனின் வந்து, வேறு சில மாற்றங்களும் சேர்ந்தால், மருந்து அந்த வழியாகவே வெளியேறிவிடும். சிக்கல் என்னவென்றால், செரித்த புரதத் துண்டுகளை வெளியே அனுப்புவதும் அதே வாசல்தான். அந்த வேலை கெடுகிறது, துண்டுகள் தேங்குகின்றன. ஆப்பிரிக்க நாடான மலாவி 1993-இல் குளோரோகுயினைக் கைவிட்டபின், சுமார் பத்தாண்டுகளில் அங்கே இந்த எதிர்ப்புக் கிருமிகள் ஏறக்குறைய காணாமல் போயின. மருந்து இல்லாத இடத்தில் அவற்றால் சாதாரணக் கிருமியோடு போட்டி போட முடியவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஆர்ட்டெமிசினின் என்ற இன்னொரு மலேரியா மருந்தின் கதை. ஹீமில் உள்ள இரும்பு பட்டு அதன் பெராக்சைடு பிணைப்பு உடைந்தால்தான் அந்த மருந்துக்கு வீரியம் வரும். அப்புறம் சுற்றியுள்ள புரதங்களையெல்லாம் சிதைத்துவிடும். கிருமி தின்னத் தின்னத்தான் மருந்து வேலை செய்யும். கெல்ச்13 புரதத்தில் மாற்றம் வந்த கிருமி (580-ஆவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் டைரோசின் என்பது பிரபலமான ஒன்று) மோதிரப் பருவத்தில் ஹீமோகுளோபினை உள்ளே இழுப்பதையே குறைத்துக்கொள்கிறது. ஹீம் குறைவு, எனவே மருந்தின் வீரியமும் குறைவு. ஆர்ட்டெமிசினின் ரத்தத்தில் சில மணி நேரம்தான் நிற்கும். அதுவரை அரைப்பட்டினி கிடந்து, வளர்ச்சியையும் மெதுவாக்கிக்கொண்டு தப்பித்துவிடுகிறது. கூடவே நீண்ட நேரம் நிற்கும் இன்னொரு மருந்தையும் கொடுப்பது இதற்காகவும்தான். மேற்குக் கம்போடியாவில் முதலில் தெரியவந்த இந்த எதிர்ப்பு, இப்போது ருவாண்டா, உகாண்டாவிலும் இருக்கிறது. அங்கே இருப்பவை கெல்ச்13-இன் வேறு மாற்றங்கள், தனியாகவே தோன்றியவை.

சாப்பாட்டை விட்டு வேறு உதாரணம் வேண்டுமா? அட்டோவகோன், கிருமியின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி என்ற புரதத்தைத் தாக்கும் மருந்து. அதில் மாற்றம் பெற்ற கிருமி நம் ரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். இங்கே அதற்கு ஆற்றல் பெரும்பாலும் குளுக்கோஸை நொதிக்க வைத்தே கிடைத்துவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியா அரைகுறையாக ஓடினாலும் போதும். கொசுவின் உடலுக்குள் அந்தச் சலுகை கிடையாது. சில மாற்றங்கள் விதிவிலக்கு. மற்றபடி ஆய்வகச் சோதனைகளில் இப்படிப்பட்ட கிருமிகள் கொசுவுக்குள் வளர்ச்சியை முடிக்க முடியாமல் நின்றுவிட்டன.