என்னிடம் மட்டும் அவள் பேசவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு 69 வயது. என் மனைவி 11 வருடம் பார்க்கின்சன் நோயோடு இருந்து, நான்கு மாதத்துக்கு முன்னால் போய்விட்டாள். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் மைத்துனியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மனைவியின் தங்கை. வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வந்து மூன்று நாள் இருப்பாள். "அக்கா நல்லாத்தானே பேசறா, நீங்கதான் ரொம்பப் பயப்படறீங்க அத்தான்" என்பாள். ராத்திரி நான்கு தடவை எழுந்து மனைவியைப் புரட்டிப் படுக்க வைத்தது யார்? லெவோடோபா மாத்திரையைக் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று பிசகாமல் கொடுத்தேன். சாப்பாட்டோடு கொடுத்தால் சரியாக ஏறாது, அரைமணி முன்னால் கொடுக்க வேண்டும். மாத்திரை, மலம், தூக்கம், விழுந்த தேதி எல்லாம் எழுதி வைத்தேன். மொத்தம் 14 நோட்டு. டாக்டரே பாராட்டினார்.

மகன் ஒரு தடவை பத்து நாள் வந்து இருந்தான். நடக்கும்போது திடீரென்று கால் தரையோடு ஒட்டினமாதிரி நின்றுவிடுவாள். அப்போது இழுக்கக் கூடாது, ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அடி எடுத்து வைப்பாள். அவன் கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் நீ விடு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசி இரண்டு வருடம் என்னைப் பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. சுவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். தங்கை வந்தால் மட்டும் பேச்சு. மைத்துனி இதைச் சொல்லிச் சொல்லியே என்னை நோகடித்தாள்.

கடைசியில் நிமோனியா. சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குப் போயிருக்கும் என்றார்கள். ஊட்டியது நான்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின ராத்திரி விளக்கை அணைக்கும்போது என்னவோ சொன்னாள், குரல் எழும்பவில்லை, நானும் எப்போதும்போல "சரி சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன், அதற்கப்புறம் அவள் பேசவேயில்லை. அது இருக்கட்டும். துக்கத்துக்கு வந்த இடத்திலும் மைத்துனி, "போன தடவை வந்தப்போ அக்கா என்கிட்ட எவ்வளவு பேசினா" என்று எல்லோரிடமும் சொல்லி அழுதாள். 11 வருடம் பார்த்த என்னிடம் பேசாதவள் இவளிடம் என்ன பேசியிருப்பாள்? இப்போது அவள் ஃபோன் செய்தால் நான் எடுப்பதில்லை. அது தப்பா?

---

அன்புள்ள ஐயா,

கடிதம் முழுக்க மைத்துனி வருகிறார். ஆனால் "அது இருக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். விளக்கை அணைத்த அந்த ராத்திரியில்.

அதற்கு முன்னால், ஊட்டியதைப் பற்றி. நோய் முற்றும்போது விழுங்கும் தசைகளும் மந்தமாகிவிடும். இருமல்கூட வராமல் உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். இந்த நோயில் பலருடைய உயிர் நிமோனியாவில்தான் போகிறது. கரண்டி உங்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

குரலுக்கு வருகிறேன். பார்க்கின்சனில் குரல் தேய்ந்துபோகும். தான் போதுமான சத்தத்தில் பேசுவதாகத்தான் பேசுகிறவருக்குத் தோன்றும், ஏனென்றால் சத்தத்தை அளக்கும் கணக்கே மூளையில் மாறிவிடுகிறது. பதில் வரவும் நேரம் பிடிக்கும். முகமும் அப்படித்தான். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறையக் குறைய முகத் தசைகள் இறுகுகின்றன, மனதில் ஓடுவது முகத்துக்கு வந்து சேர்வதில்லை. அதனால் சுவரைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை வைத்து அவர் மனதைக் கணக்குப் போடாதீர்கள். காலமெல்லாம் நீங்கள் படித்துப் பழகிய முகத்தில் எழுத்து அழிந்துவிட்டது. எழுதுகிறவர் உள்ளேயேதான் இருந்தார்.

அப்படியென்றால் தங்கையிடம் மட்டும் எப்படிப் பேசினார்? யாராவது வந்தால் அந்த உற்சாகத்தில் கொஞ்ச நேரம் தெளிவாகத் தெரிவதைப் பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். போனபிறகு துவண்டுவிடுவார்கள். நேரத்துக்கு மாத்திரை உள்ளே போயிருந்தால் குரல் இன்னும் கொஞ்சம் எழும்பியிருக்கலாம். உங்கள் மைத்துனி பார்த்த அக்காவில் உங்கள் உழைப்பும் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை என்ற உங்கள் வருத்தம் நியாயமானது.

ஆனால் இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த மூன்று நாளும் தங்கைக்கு வேறு வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வாயருகே காதை வைத்து, வார்த்தை வரும்வரை காத்திருந்திருப்பார். உங்களுக்கு எப்போதும் அடுத்த வேலை காத்திருந்தது. 14 நோட்டு எழுதினீர்களே, அதில் உங்கள் மனைவி பேசிய ஒரு வாக்கியம் இருக்கிறதா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை, இதில் கொஞ்சம் குறையும் இருக்கிறது. மகன் தப்பாக இழுத்தான், சரி. இரண்டு நாளில் வராதது பத்து நாளில் வந்திருக்கும். அவனை விட்டிருந்தால் தினமும் ஒரு மணி நேரம் நீங்கள் வெறும் கணவனாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் கைகொடுக்கவில்லை என்ற கோபத்தில், நீட்டிய கையை நீங்களே தட்டிவிட்டதும் கலந்திருக்கிறது.

"சரி சரி" என்ற ராத்திரிக்கு வருவோம். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்லியிருப்பார் என்று கதை கட்டி உங்களைத் தேற்ற மாட்டேன். தண்ணீர் கேட்டிருக்கலாம், போர்வையைச் சரிசெய்யச் சொல்லியிருக்கலாம். அது கடைசி ராத்திரி என்று உங்கள் இருவருக்குமே தெரியாது. இரவில் நான்கு முறை எழுகிற மனிதரின் வாயில் "சரி சரி" வரத்தான் செய்யும். கேட்காமல் விட்டதை நினைத்து அழுங்கள், அழவேண்டிய விஷயம்தான். மைத்துனியின் மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கும்வரை அந்த அழுகை வராது. அவர் கேட்டார், நாம் கேட்கவில்லை என்பதுதான் உங்களைச் சுடுகிறது என்று எனக்குப் படுகிறது.

தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள், இத்தனை வருடம் உங்கள் உடம்பை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஃபோனை எடுக்காதது தப்பா என்று கேட்டீர்கள். தப்புதான் ஐயா. அடுத்த முறை எடுங்கள், இல்லை நீங்களே கூப்பிடுங்கள். பழைய கணக்கைப் பேச வேண்டாம். "அக்கா உன்கிட்ட என்னம்மா பேசினா?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு எட்டாமல் போன பேச்சில் கொஞ்சமாவது அவரிடம் இருக்கிறது. அவர் அழுதால், முடிக்கும்வரை காத்திருங்கள். உங்களைப் பற்றி மனைவி ஏதாவது குறை சொல்லியிருந்தால், அதையும் சொல்லச் சொல்லுங்கள்.