தலைக்கு எவ்வளவு? அரசு மருத்துவச் செலவு பற்றிக் கேள்வி பதில்

சுகாதாரத் துறையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு ஊர் அரசு மருத்துவச் செலவு ஏன் மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். என் பதில்கள் இவை.

ஈரோட்டிலிருந்து: அரசாங்கம் ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவு பண்ணுதுங்கண்ணா?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22ல் எல்லா அரசுகளும் சேர்ந்து தலைக்கு 3,169 ரூபாய். அது கொரோனா காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். இமாச்சலம் போன்ற மலை மாநிலங்கள் சராசரிக்கு மேலே, பீகாரும் உத்தரப் பிரதேசமும் கடைசியில். ஆஸ்பத்திரி மாநிலத்தின் பொறுப்பு என்பதால் கஜானாவைப் பொறுத்து செலவும் மாறும்.

திருப்பூரிலிருந்து: கோயமுத்தூருக்கே எல்லாப் பணமும் போகுதே?

கோவை அரசு ஆஸ்பத்திரிச் செலவு கோவைக் கணக்கில்தான் ஏறும். ஆனால் காலையில் ஓபி சீட்டு வரிசையில் நின்று பாருங்கள். கூடலூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். உங்கள் ஊருக்கு மருத்துவக் கல்லூரியே 2022 ஜனவரியில்தான் திறந்தது.

இன்னொன்று, எத்தனை தலை என்பதே தகராறு. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பிள்ளைகள் 2011 மக்கள்தொகைக் கணக்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பழைய எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு வரும் தொகை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

பர்கூர் மலையிலிருந்து: மலைக்குத்தான் அதிகம் செலவாகுதுங்கறாங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களே?

இரண்டும் உண்மைதான். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ், ஜீப், நர்ஸம்மா எல்லாம் ஆள் குறைவு என்பதற்காகப் பாதியாகக் குறையாது. அதனால் தலைக்கு விழும் செலவு கூடும்.

ஆனால் செலவில் பெரும்பகுதி சம்பளம். டாக்டர் பணியிடம் காலி என்றால் ஒதுக்கிய பணம் உங்களிடம் வராது, நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் சரண்டர் ஆகி அரசுக்கே திரும்பிவிடும். ஒரு மலை நிலையத்துக்கு வந்த சம்பள ஒதுக்கீட்டை நானே அப்படித் திருப்பி அனுப்ப எழுதியிருக்கிறேன். அந்த வருஷம் பிரசவ வலி வந்த பெண்கள் ஜீப்பில் மலை இறங்கினார்கள். இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கிராம சபையில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்பதோடு விடாதீர்கள், எத்தனை பணியிடம் காலி என்றும் கேளுங்கள்.

கோபியிலிருந்து: மருந்து எல்லா ஊருக்கும் ஒரே அளவாங்க?

இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக வாங்குகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு. நோயாளிகள் வரத்தைப் பார்த்துத் தொகை போடுவார்கள், அதற்குள் மாவட்டக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். மொத்தக் கொள்முதலில் விலை இறங்கும். அதனால் செலவு குறைவான இடத்தில் மருந்தும் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

நாமக்கல்லிலிருந்து: காப்பீட்டு அட்டைப் பணமும் இதில் சேருமா?

சேரும். பிரீமியம் கட்டுவது அரசுதானே.

காங்கேயத்திலிருந்து: அப்புறம் என்ன, எல்லா ஊருக்கும் தலைக்குச் சமமாகப் பிரித்துவிடலாமே?

கூடாது. இங்கிலாந்தில் 1976லேயே ஒரு குழு வயதையும் இறப்பு விகிதத்தையும் சேர்த்துத்தான் பணத்தைப் பிரிக்கச் சொன்னது. உங்கள் பக்கத்துக் கிராமங்களைப் பாருங்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்க, தோட்டத்து வீட்டில் அப்பாரும் ஆத்தாவும் மட்டும். சர்க்கரை, பிரஷர் என்று மாசாமாசம் மாத்திரை வேண்டும். இருபது வயசுப் பையனுக்கு வைக்கும் அதே தொகையை அந்த ஆத்தாவுக்கும் வைத்தால் மாத்திரை பாதி மாசத்தில் தீர்ந்துவிடும்.