ஏரி யாருடையது என்று கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நல்ல காரியத்துக்கு நிதி திரட்டத் தூண்டில் போட்டி வைக்கலாமா, அதில் கலந்துகொள்வது எப்படி என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்க ஊர் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட நிதி சேர்க்கிறோம். தென்பெண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைக்கலாம் என்று யோசனை. ஆறு பொதுச்சொத்துதானே, யாரைக் கேட்க வேண்டும்?
*வாசகர், காவேரிப்பட்டணம்*

ஆறு பொதுதான். அதில் இருக்கிற மீன் பல இடங்களில் பொது இல்லை. அணை, ஏரி, தடுப்பணைத் தேக்கம் என்று தண்ணீர் நிற்கிற இடங்களில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏலத்திலோ குத்தகையிலோ போயிருக்கும், அல்லது மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கும். குத்தகை எடுத்தவர் கைக்காசு போட்டு மீன்குஞ்சு விட்டிருப்பார். ஐம்பது பேர் கழியோடு போய்க் கரையில் உட்கார்ந்தால் அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க மாட்டார்.

அதனால் முதல் நடை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு. நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஊராட்சி ஏரி என்றால் ஒன்றிய அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஆள் யார் என்று தெரிந்ததும் நேரில் போய்ப் பேசுங்கள். நான் பார்த்தவரை குத்தகைக்காரர்கள் நல்ல காரியம் என்றால் இறங்கி வருகிறார்கள், கணக்கு மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். எடுத்துப் போகிற மீனுக்குக் கிலோ கணக்கில் அன்றைய கரை விலை, திருப்பி விடுகிற மீனுக்கு ஒன்றும் இல்லை. இதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கரையும் மதகும் நீர்வளத்துறையுடையது என்பதால் அவர்களுக்கு ஒரு மனு, கூட்டம் கூடுவதால் காவல் நிலையத்துக்கு ஒரு மனு. இதெல்லாம் முடியாமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

ஒகேனக்கல்லில் வைத்தால் சுற்றுலாக் கூட்டமும் வரும், வசூலும் கூடும் அல்லவா?
*வாசகி, பென்னாகரம்*

வசூல் கூடும், வழக்கும் கூடும். ஒகேனக்கல்லைச் சுற்றிய காவிரிக்கரைக் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014இல் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி காப்புக்காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர் அளவில் காவிரி தெற்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் கால் வைப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தை விடுங்கள். அந்தத் தண்ணீரில் முதலை இருக்கிறது, நீர்நாய் இருக்கிறது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, முதுகில் திமில் உயர்ந்த பெரிய கெண்டை ஒன்றும் இருக்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று 2018இல் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வேடிக்கைப் போட்டிக்கு அது இரையாக வேண்டாம். ஒகேனக்கல்லுக்குப் போனால் பரிசல் ஏறுங்கள், வறுத்த மீன் சாப்பிடுங்கள். போட்டியை ஏதாவது ஓர் ஏரிக்கரையில் வையுங்கள்.

முதல் முறை கலந்துகொள்கிறேன் அண்ணா. எந்த இரை போட்டால் ஜெயிக்கலாம்?
*வாசகர், பாலக்கோடு*

தம்பி, இரைக்கு முன்னால் ஆழம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஜிலேபி கரையோரப் புல்லிலும் கல்லிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். தக்கையை எங்கே நிறுத்துகிறாய் என்பதில்தான் எந்த மீன் வரும் என்பது இருக்கிறது. உட்கார்ந்ததும் முள்ளில் ஈயத்தை மட்டும் கட்டி இறக்கிப் பார். தக்கை மூழ்கினால் ஆழம் இன்னும் இருக்கிறது, சாய்ந்து படுத்தால் ஈயம் தரையைத் தொட்டுவிட்டது. பத்து நிமிஷம் இதற்குச் செலவழிக்கலாம், வீண் போகாது.

இரைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. காவிரியில் பெரிய கெண்டை பிடிக்கப் பழைய தூண்டில்காரர்கள் நம்பியது ராகி உருண்டையைத்தான். களி கிண்டுவது போலவே கிண்டு, தண்ணீரைக் கொஞ்சம் குறை. ஆறியதும் வறுத்த கடலைப் புண்ணாக்குத் தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்துக் கை வலிக்கப் பிசை. சுவரில் எறிந்தால் ஒட்டக்கூடாது, விரலால் அழுத்தினால் விரியக்கூடாது, அதுதான் பதம். சுண்டைக்காய் அளவு உருட்டி முள் நுனி லேசாகத் தெரியும்படி பொதி. ரோகுவுக்கும் மிர்காலுக்கும் இது போதும். ஜிலேபிக்கு மண்புழுவைச் சின்னத் துண்டாக்கிப் போடு. முள் வாங்கும்போது ஒன்றை நினைவில் வை, எண் கூடக்கூட முள் சிறியது. பத்தாம் எண் ஜிலேபிக்குச் சரி.

ஜெயிப்பதைப் பற்றிக் கேட்டாய். மொத்த எடைக்குப் பரிசு என்றால் கட்லாவுக்காகத் தவம் இருக்காதே. கைவிரல் நீளமுள்ள ஜிலேபி நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் அதையே எடுத்துக்கொண்டிரு. எலுமிச்சை அளவு மாவு உருண்டையைக் கால் மணிக்கு ஒருமுறை அதே இடத்தில் போட்டுவா. ஒரேயடியாக ஒரு வாளி கொட்டினால் மீன் வயிறு நிரம்பிப் போய்விடும், உன் முள்ளைத் திரும்பிப் பார்க்காது.

பரிசு பெரிய மீனுக்கா, மொத்த எடைக்கா? போன தடவை எங்க ஊரில் இதனாலேயே சண்டை.
*வாசகர், அரூர்*

மொத்த எடைக்கு. பெரிய மீனுக்குத் தனியாக ஒரு சின்னப் பரிசு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மீனுக்குப் பெரிய பரிசு என்றால் முந்தின நாள் சந்தையில் வாங்கிய கட்லா கூடப் பைக்குள்ளிருந்து எழுந்து வரும்.

சண்டை இடத்தாலும் வரும், தராசாலும் வரும். இடத்துக்குக் குலுக்கல் போடுங்கள். கரையில் பத்து மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு எண் எழுதி, காலையில் எல்லோர் முன்னாலும் சீட்டு எடுக்க வையுங்கள். மதகு மூலை கிடைத்தவன் அதிர்ஷ்டக்காரன், அதற்கு மேல் பேச்சில்லை.

தொங்கு தராசு போதும், எடை போடுவது ஒரே ஆளாக இருக்கட்டும். வலைப்பையைத் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டு நின்றதும் வெறும் பையை மாட்டிப் பூஜ்யம் வையுங்கள். காய்ந்த பையில் பூஜ்யம் வைத்து ஈரப்பையில் எடை பார்த்தால் எல்லோருக்கும் எடை கூடும், ஆனால் ஒரே அளவில் கூடாது. மீனைத் தொடும் கையும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு உரிந்துவிடும், பிறகு அந்த மீனைத் திருப்பி விட்டும் பயனில்லை. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கீற்றைக் குறடால் நசுக்கிவிட்டு வரச் சொல்லுங்கள், மீன் வாயிலிருந்து எடுப்பதும் சுலபம், மனிதன் விரலிலிருந்து எடுப்பதும் சுலபம். நம் ஊர் இனங்களை விட்டுவிடுங்கள். ஜிலேபி குழம்புக்குப் போகலாம், அது இந்தத் தண்ணீருக்கு வந்தேறிதான்.

கெலவரப்பள்ளி அணை எங்களுக்குப் பக்கம். அங்கே?
*வாசகர், ஓசூர்*

வேண்டாம். பெங்களூருப் பக்கத்துக் கழிவெல்லாம் சேர்ந்து வருகிற தண்ணீர் அது. அணையிலிருந்து திறந்துவிட்டால் வெள்ளை நுரை மலையாகக் குவிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிதிக்காக வந்தவர்களை அதில் கை நனைக்க வைப்பானேன்.

எந்த மாதம் நல்லது?
*வாசகர், ஊத்தங்கரை*

2024 டிசம்பர் தொடக்கத்தில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, பேருந்து நிலையத்தில் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றங்கரைப் போட்டி வேண்டாம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் ஒரு மதகு ஷட்டர் 2017 நவம்பரில் உடைந்து தண்ணீர் பாய்ந்ததையும் மறக்க வேண்டாம். அணைக்குக் கீழே எங்கே உட்கார்ந்தாலும் அன்று காலை தண்ணீர் திறப்பு உண்டா என்று கேட்டுவிட்டே உட்காருங்கள்.

ஏப்ரல், மே வெயிலும் சரியில்லை. தண்ணீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும், பிடித்து வலையில் வைத்திருக்கும் மீன் எடை போடுவதற்குள் செத்து மிதக்கும். ஜனவரி, பிப்ரவரி என் விருப்பம். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடித்துவிடுங்கள்.

ஒன்பது வயது மகள் நானும் வருவேன் என்கிறாள். அழைத்துப் போகலாமா?
*வாசகி, தர்மபுரி*

தாராளமாக. மிதவை உடுப்பு போடுங்கள், ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்கட்டும். தேளி, கெளுத்தி மாட்டினால் அவள் தொடக்கூடாது. துடுப்போர முள் குத்தினால் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைக்க வலி குறையும், பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, பெரியவர்களுக்கும் சேர்த்து: கரண்ட் கம்பி போகிற இடத்தில் கார்பன் கழியைத் தூக்கவே கூடாது. அதில் மின்சாரம் பாயும்.

நுழைவுக் கட்டணம் 500 ரூபாய் வாங்குகிறோம். நன்கொடை ரசீது கொடுக்கலாமா?
*வாசகர், கிருஷ்ணகிரி*

அது போட்டிக்கான கட்டணம், நன்கொடை இல்லை. கட்டணத்துக்கு ஒரு ரசீது, மேற்கொண்டு மனமுவந்து கொடுப்பதற்கு வேறு ரசீது என்று இரண்டு புத்தகம் வையுங்கள். வரிக்கழிவு ரசீது பதிவு பெற்ற அறக்கட்டளைதான் தர முடியும், உங்கள் மன்றம் தர முடியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடைக்காது என்பதையும் பெரிய மனிதர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டணத்திலிருந்து பரிசுப்பணம் எடுப்பது எனக்குப் பிடிக்காது. பரிசை உள்ளூர்க் கடைக்காரர்களிடம் பொருளாகக் கேளுங்கள், குக்கரோ மாம்பழக் கூடையோ கொடுப்பார்கள். வசூல், செலவு, மிச்சம் மூன்றையும் அன்றே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். மருத்துவமனை நிதிக்காக ஆற்றில் மீன்பிடிப் போட்டியாம், மே மாதம் வரும்போது நீங்களும் கலந்துகொள்ளுங்கள் அப்பா என்கிறான். நான் என்ன தயார் செய்ய வேண்டும்?
*வாசகர், மத்தூர்*

முதலில் தேதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள் ஐயா. அங்கே ஆறுகளில் கெண்டை வகை மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடவே தடை, முட்டையிடும் பருவம். மே மாதப் போட்டி என்றால் அது குளமாகவோ கால்வாயாகவோ இருக்கலாம், இல்லை மகன் மாதத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

13 வயதிலிருந்து யார் தூண்டில் பிடித்தாலும் அரசு உரிமச்சீட்டு வேண்டும், இணையத்தில் மகனே எடுத்துத் தருவான். போட்டிக் கட்டணம் வேறு, இது வேறு. மீனை நீளமான வலைக்கூடையில் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் எடை போட்டு உயிரோடு விட்டுவிடுவார்கள். அந்த வலைக்கும் விதி உண்டு: முடிச்சில்லாத பின்னல், குறைந்தது 2 மீட்டர் நீளம். அதனால் இங்கிருந்து எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், கூட வருகிறவர்களிடம் இரவல் கிடைக்கும். ஆற்றுப் போட்டிதான் என்று மகன் உறுதியாகச் சொன்னால் விமான டிக்கெட்டை ஜூன் மூன்றாம் வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.