ஐப்பசி மழையில் அடீனியத்தைத் தொட்டி மாற்றலாமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். சித்திரையில் சாலையோர நர்சரி ஒன்றில் 850 ரூபாய் கொடுத்து அடீனியம் வாங்கினேன். அப்போது பத்துப் பன்னிரண்டு பூக்கள் இருந்தன. வாங்கிய கறுப்பு கவரோடே மாடியில் வைத்திருக்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து இலை மஞ்சளாகி உதிர்கிறது. அடியில் பருத்திருக்கும் கிழங்கை அழுத்தினால் அமுங்குகிறது. நர்சரியில் கேட்டதற்கு, "உடனே பெரிய தொட்டிக்கு மாத்துங்க, தினமும் தண்ணி விடுங்க" என்று சொல்லி, 'அடீனியம் ஸ்பெஷல் மிக்ஸ்' என்று ஒரு பையை 280 ரூபாய்க்குக் கொடுத்தார். இந்த மழையில் மாற்றலாமா?

பதில்: அந்தப் பையைப் பிரிக்காமல் ஓரமாக வையுங்கள். தண்ணீர் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். செடியைத் தூக்கி, சாரல் படாத, காற்று வருகிற இடத்தில் வையுங்கள். வராந்தாவோ மாடிப்படி வளைவோ எதுவானாலும் சரி. இதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

அடீனியம் அரளிக் குடும்பத்துச் செடி. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க வறண்ட நிலங்களும் அரேபியத் தீபகற்பமும்தான் அதற்குச் சொந்த ஊர். ஏடன் என்ற ஊர்ப் பெயரிலிருந்துதான் அடீனியம் என்ற பெயரே வந்தது. மாதக்கணக்கில் மழையைப் பார்க்காத இடத்தில் பிழைப்பதற்காக, அடித்தண்டையே தண்ணீர்க் குடமாகப் பருக்க வைத்துக்கொண்டது. நீங்கள் கிழங்கு என்று சொல்வது அந்தக் குடத்தைத்தான். குடம் நிறைந்திருக்கும்போது தினமும் ஊற்றச் சொல்கிற ஆள், செடியைப் பற்றித் தெரியாமல் சொல்கிறார். இல்லையென்றால், தெரிந்தே அடுத்த செடியை விற்கப் பார்க்கிறார்.

கட்டை விரலால் கிழங்கைச் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். அமுங்குவதில் இரண்டு வகை உண்டு. நாள்பட்ட கத்தரிக்காய் போல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தளர்ந்து, தோல் சுருங்கியிருந்தால் அது தாகம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் இப்படித்தான் இருக்கும். தண்ணீர் கொடுத்தால் சில நாளில் உப்பிவிடும். மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருக்க, ஒரு பக்கத்தில் மட்டும் விரல் உள்ளே போனால் அது வேறு கதை. அந்த இடம் கறுத்திருக்கும், தோல் வழுக்கிக்கொண்டு வரும், அழுத்தினால் பழுப்பு நீர் கசியும். அழுகிய உருளைக்கிழங்கு வாடை அடிக்கும். அழுகல்தான், சந்தேகமே வேண்டாம்.

இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. மண் ஈரமாகவே இருக்கும், கிழங்கோ தாகம் எடுத்தது போல எல்லாப் பக்கமும் சுருங்கும். பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். நடந்தது என்னவென்றால், கீழே வேர் அழுகிப்போய், பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியவில்லை. மண் ஈரம், கிழங்கு தளர்ச்சி என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் அதையும் அழுகல் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மழைக்காலத்தில் அடீனியத்தைத் தொட்டி மாற்றக் கூடாது. மாசி, பங்குனிதான் அதற்குச் சரியான காலம். வெயில் ஏறும், செடி துளிர்க்கும், வெட்டுப்பட்ட வேர் சீக்கிரம் ஆறும். ஐப்பசி, கார்த்திகையில் புண் சீக்கிரம் ஆறாது. இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு அழுகல். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், விதியை மட்டும் கேட்டுக்கொண்டு காத்திருந்து செடியை இழந்தவர்கள் நிறையப் பேர். ஒருவர், "மழை முடியட்டும் என்று தை வரைக்கும் பொறுத்தேன் சார்" என்று கவரோடு கொண்டுவந்து காட்டினார். கவரைக் கிழித்தால் உள்ளே வெறும் தோல்தான் இருந்தது, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி மாதிரி. அழுகல் என்று தெரிந்தால் அமாவாசையோ அடைமழையோ, அன்றைக்கே பிடுங்க வேண்டும். அதே சமயம், இலை மஞ்சளாவதை மட்டும் பார்த்துவிட்டு, கெட்டியாக இருக்கும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். குளிர் காலத்தில் அது இலை கொட்டி ஓய்வெடுப்பது இயல்பு. கிழங்கு கல் மாதிரி இருந்தால் மழை படாமல் வைத்துவிட்டு மாசி வரை மறந்துவிடலாம். தீர்மானிக்க முடியவில்லையா? செடி மண்ணுக்குள் இறங்கும் கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் மண்ணை விரலால் தோண்டி, மேல் வேரைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் மண்ணை மூடிவிடுங்கள். விரலில் உரிந்து வந்தால் கவரைக் கிழியுங்கள்.

கிழிக்கும் முன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதன் பால் விஷம். இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவியது இதைத்தான். சமையல் கத்தி வேண்டாம், கண்ணைத் தேய்க்க வேண்டாம். குழந்தையும் நாயும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவுங்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகிய பகுதியைச் செதுக்க ஆரம்பியுங்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மனசு கேட்காமல் பாதியில் விட்டுவிடுவார்கள். வெட்டிய முகம் முழுக்க வெள்ளையாக, நறுக்கிய முள்ளங்கி மாதிரி இருக்க வேண்டும். மிளகு அளவு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னொரு சீவல் எடுங்கள். விட்டுவைத்த புள்ளி பத்தே நாளில் கிழங்கு முழுக்கப் பரவும். கிழங்கில் பாதி போனாலும் செடி பிழைத்துக்கொள்ளும். வெட்டு முகத்தில் சாஃப் அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவுங்கள். இருக்கிற இலைகளையும் கிள்ளிவிட்டு, செடியைத் தலைகீழாகக் காற்றோட்டமான நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் நாளென்றால் ஒரு வாரம் போதும். இந்த ஈரக் காற்றில் பதினைந்து நாள் கூட ஆகலாம். வெட்டுவாய் தட்டினால் பலகை போலச் சத்தம் வரும் வரை பொறுங்கள். வேரில்லாமல் இத்தனை நாளா என்று பயப்பட வேண்டாம். வயிற்றில் தண்ணீரோடு பிறந்த செடி அது.

இனி மண் கலவை. நீங்கள் வாங்கிய பையைத் திறக்காமலே சொல்கிறேன், உள்ளே முக்கால்வாசி கோகோபீட் இருக்கும். தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கிறதல்லவா? தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாற்றுக்கு நல்லது, மழைக்கால அடீனியத்துக்கு எமன். நர்சரிகளுக்கு அது வசதி, ஏனென்றால் லாரியில் ஏற்றக் கனம் இருக்காது. அவர்கள் ஷெட்டில் அளந்து தண்ணீர் விடுவதால் செடி பளபளவென்று இருக்கும். உங்கள் மாடியில் வானம் அளந்து ஊற்றுமா? அடீனியம் வாங்கினால், எந்த மாதமானாலும், முதல் வேலையாக அந்தக் கவரில் என்ன மண் என்று பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் அடுத்த மாசியில் மாற்றிவிடுங்கள்.

நீங்களே கலப்பது சுலபம். பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் சில்லோ அடுப்புக்கரித் துண்டோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. ஆற்று மணலை இப்போது தொட்டிக்கு ஒரு கூடை வாங்குவது தங்கம் வாங்குவது போல ஆகிவிட்டது. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதும், ஆனால் சலித்து, தூசி போகக் கழுவி, பரு மட்டும் எடுங்கள். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் கூடவே கூடாது, அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கலந்த பிறகு தொட்டியில் ஒரு குவளை ஊற்றிப் பாருங்கள். மேலே குளம் கட்டாமல் சரசரவென்று இறங்கி அடித்துளையில் வந்தால் சரி.

தொட்டி பெரிதாக வேண்டாம். கிழங்கைச் சுற்றி இரண்டு அங்குலம் இடம் இருந்தால் போதும், ஆழத்தை விட அகலம் முக்கியம். மண் தொட்டி என்றால் இன்னும் நல்லது. பெரிய தொட்டியில் வேர் இல்லாத மண்தான் அதிகம் இருக்கும், அது காயாது. கீழே தட்டு வைக்காதீர்கள். நடும்போது கிழங்கை முன்பு இருந்ததை விட ஓர் அங்குலம் தூக்கி வைக்கலாம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். புதிதாக வெளியே வந்த தோல் நேர் வெயிலில் வெந்துவிடும், அதனால் முதல் இரண்டு வாரம் நிழல். உலர்ந்த மண்ணில், உலர்ந்த செடியை, தண்ணீர் ஊற்றாமல் நடுங்கள். நுனியில் துளிர் எட்டிப் பார்த்த பிறகே முதல் குவளை. அப்புறமும் மண் முழுக்கக் காய்ந்தால்தான் அடுத்தது.

உரத்தைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம், பங்குனியில் பார்க்கலாம். இலையைக் கடித்துக் காலி செய்யும் பருத்த பச்சைப் புழு வந்தால் கையால் எடுத்துப் போடுங்கள், அரளியில் வருகிற அதே புழுதான்.

விற்பனைக்காரர்கள் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் முடிக்க மனமில்லை. விதையில் வளர்ந்த செடிக்குத்தான் நல்ல கிழங்கு வரும். கிளையை ஒடித்து நட்டதற்குப் பெரும்பாலும் அடி தடிக்காது. அடுக்குப் பூ ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கட்டியவை. ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரைக் கிள்ளாவிட்டால், நீங்கள் காசு கொடுத்த அடுக்குப் பூ போய்ச் சாதா ரோஸ் பூதான் மிஞ்சும். இது விதைச் செடியா, ஒட்டா, ஒடித்து நட்டதா என்று ஒரு சீட்டு ஒட்டி விற்க என்ன கஷ்டம்? கேட்டால் "எல்லாம் தாய்லாந்து" என்பார்கள். நானே ஒரு மலர்க் கண்காட்சியில், உள்ளங்கைக்கு அடங்காத கிழங்கு என்று 2,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் மண்ணைக் கழுவினால், மூன்று இளஞ்செடிகளை ரப்பர் பட்டை போட்டு ஒன்றாக இறுக்கியிருந்தார்கள். பட்டை வேருக்குள் புதைந்து கிடந்தது. புகார் சொல்லப் போனால் ஸ்டால் காலி, நடத்தியவர்களோ "நாங்கள் இடம் மட்டும்தான் வாடகைக்கு விட்டோம்" என்றார்கள்.

ஆன்லைனில் நீல அடீனியம் விதை என்று படம் போட்டு விற்கிறார்களே, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீல அடீனியம் உலகத்தில் எங்கும் இல்லை. ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதையே தாய்ச் செடி மாதிரி பூக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பழைய விதையென்றால் முளைப்பதே சந்தேகம். 1966-லிருந்து விதைச் சட்டம் இருக்கிறது. ஆனால் முளைப்புத் திறனைப் பையில் அச்சிட அது கட்டாயப்படுத்துவது அரசு அறிவித்த பயிர் ரகங்களுக்குத்தான். மாடியில் பூச்செடி வைப்பவர் ஏமாந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? மாடித் தோட்டத்துக்கு மானியம் என்று போனால் கத்தரி, வெண்டை விதையோடு ஒரு மூட்டை கோகோபீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

உங்கள் 280 ரூபாய்ப் பையை வீணாக்க வேண்டாம். வீட்டில் செம்பருத்தி இருந்தால் அதன் மண்ணில் கலந்துவிடுங்கள், அதற்கு ஈரம் பிடிக்கும்.